எனக்குக் கேட்காத ஹார்ட் டிஸ்க் சத்தம்

போன மாதம் ரிஸ்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். கொழும்பு வெள்ளவத்தையில் நான் வேலை பார்த்த கணினி திருத்தும் கடையை இப்போது நடத்துபவள் அவள்தான்; காலமான என் முதலாளி ஹில்மி நானாவின் மூத்த மகள். யாரோ ஒருவர் பழைய டெஸ்க்டொப் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாராம். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். ஒரே சத்தமாம். இப்போது கடையில் இருப்பவர்கள் சுழலாத டிஸ்க்குகளோடு வளர்ந்தவர்கள். ஒருவருக்கும் என்ன செய்வதென்று விளங்கவில்லை.

"ரெஜினா அக்கா, இதுக்கு வாப்பா என்ன செய்வாரு?" என்று கேட்டுவிட்டு, போனை மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்தாள். "கேக்குதா?"

"எனக்குக் கேக்கேல்லை. கொண்டுவந்த ஆளை வாயால அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டச் சொல்லும் முதல்ல."

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. அது அவளுடைய வாப்பாவின் முதல் சட்டம். இதையெல்லாம் எழுதித் தாருங்கள், வேலைக்கு வருபவர்கள் வாசிக்கட்டும் என்று கேட்டாள். செய்முறையை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம், எழுதியும் கொடுத்துவிட்டேன். ஆனால் எழுதும்போதெல்லாம் கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு குறுக்கே வந்து நின்றது. அந்த வீட்டில் நடந்தது எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. விளங்காததையும் எழுதிவைப்போம் என்றுதான் இது.

நான் அந்தக் கடைக்கு பில் எழுத வந்தவள். பம்பலப்பிட்டியில் மாலை வகுப்புக்குப் போய்ப் படித்து, ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுத்தேன். அந்தக் காலத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மிச்சமெல்லாம் ஹில்மி நானாவைப் பார்த்துப் பழகியது.

அவர் சத்தம் போடும் மெஷினைத் திறக்கவே விடமாட்டார். முதலில் கொண்டுவந்தவர் வாயால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். கோட் போட்ட வழக்கறிஞர் வந்தாலும் அதுதான், பாடசாலை அதிபர் வந்தாலும் அதுதான். அவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு "கறகற" என்பார்கள், "டுர்ர்" என்பார்கள். ஹில்மி நானா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், நோயாளியின் நாக்கைப் பார்க்கும் டொக்டர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார். "மெஷின் இங்க வந்தா வாய மூடிக்கும். மனுசன்தான் உண்மைய சொல்லுவான்" என்பார்.

"டுர்ர்" என்றால் பெரும்பாலும் டிஸ்க்கின் குற்றமல்ல. டிஸ்க் சுழலும் அதிர்வு தகரக் கேசிங்குக்குப் போய், கேசிங் மேளம் மாதிரி அதைப் பெரிதாக்குகிறது. ஸ்க்ரூவை இறுக்கி, டிஸ்க்குக்கும் தகரத்துக்கும் இடையில் ரப்பர் வாஷர் போட்டு, மெஷினை மரமேசையிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தால் பாதி அடங்கிவிடும். "கறகற" என்றால் உள்ளே தகவலைத் தேடி ஓடும் கையின் சத்தம். சில டிஸ்க்குகளில் அந்தக் கையை மெதுவாக ஓடச்சொல்லி ஒரு அமைப்பு உண்டு. வேகம் கொஞ்சம் குறையும், சத்தமும் குறையும். "டக்... டக்..." என்றால் சத்தத்தைக் குறைக்கவே கூடாது. டிஸ்க் சாகப் போகிறது. உள்ளே இருப்பதை உடனே வேறிடத்துக்கு எடுக்க வேண்டும். கடைசியாக ஒன்று இருக்கிறது. மோட்டாரின் தேய்ந்த பேரிங்கிலிருந்து வரும் மெல்லிய கூவல். அதற்கு வாஷரும் இல்லை, அமைப்பும் இல்லை. டிஸ்க்கை மாற்றுவது ஒன்றுதான் வழி.

ரூபன் கடைக்கு வந்தது கரண்ட் வெட்டு அமலில் இருந்த காலத்தில். நாற்பது வயதைத் தொட்டிருப்பார். வெளிநாட்டு டொக்டர்மார் வாயால் பதிந்து அனுப்பும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டு டைப் செய்யும் வேலை. கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்தே பல வருடமாகச் செய்துவந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஹில்மி நானா வழக்கம்போல, சத்தத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

ரூபன் வாயைத் திறந்தார். சத்தம் ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றார். கடைசியில் பல்லைக் கடித்து, அதற்குள்ளால் காற்றை மெதுவாக விட்டார். விசில் மாதிரி, ஆனால் விசிலும் இல்லை.

"இதைவிட மெல்லிசு. இதைவிட உயரம். என்னால போட ஏலாது."

"எந்த நேரமும் ஈக்கா?"

"மெஷின் ஓடுற நேரமெல்லாம். கரண்ட் போனா நிக்குது."

என் வீடும் கொட்டாஞ்சேனைதான் என்பதால், போகும் வழியில் பார்த்துவிட்டு வரச்சொல்லி ஹில்மி நானா என்னை அனுப்பினார்.

கதவைத் திறந்தவர் பிலோமினா, ரூபனின் அக்கா. அறுபதைத் தாண்டியவர். இருவரும் கல்யாணம் செய்யவில்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மெஷினில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. முதலாவதில் கணினி ஓடுவதற்கு வேண்டியது. இரண்டாவது பழையது, அதில் அவர் வேலைக்கான ஒலிப்பதிவுகள். நான் ஸ்க்ரூக்களை இறுக்கினேன், ரப்பர் போட்டேன், மெஷினை நிலத்தில் வைத்து அடியில் ஒரு தடித்த ரப்பர் விரிப்பை விரித்தேன், டிஸ்க்கின் கையை மெதுவாக ஓடவைத்தேன். எழுந்து நின்று கேட்டேன். அமைதி. என் வேலை எனக்கே திருப்தியாக இருந்தது.

"கறகற போயிட்டுது மிஸ். அது எனக்குப் பிரச்சினையாவே இருக்கேல்லை. மற்றது இருக்கு."

"எது?"

"கூவுதே. இப்பவும் கூவுதே."

நான் காதைக் கேசிங்கோடு ஒட்டி வைத்தேன். கண்ணை மூடினேன். தூரத்தில் துறைமுகப் பக்கம் ஏதோ பாரவண்டி போனது கேட்டது. குசினியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. கூவல் கேட்கவில்லை.

"எனக்குக் கேக்கேல்லை," என்றேன்.

நான் கிளம்பியபோது பிலோமினா அக்கா என்னை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, "மிஸ், இப்பிடிச் சொன்னா அவனுக்கு விளங்காது. சத்தம் இல்லை எண்டு நேரா சொல்லுங்க. நான் சொன்னா நம்புறானில்லை. நீங்க படிச்ச ஆள், நீங்க சொன்னா நம்புவான்" என்றார்.

"எனக்குக் கேக்கேல்லை எண்டுதானே சொன்னனான்."

"அது வேற, இது வேற. எங்கட அப்பாவும் இப்பிடித்தான் தொடங்கினவர். முதல்ல சுவருக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது எண்டார். பிறகு ஆக்கள் கதைக்கினம் எண்டார். கடைசியில ஆஸ்பத்திரியிலதான் முடிஞ்சது. இவன் இப்ப நித்திரை கொள்றதில்லை. வேலையும் போகப்போகுது. மனநல டொக்டர் ஒராளிட்ட நாள் எடுத்து வச்சிருக்கிறன். சத்தம் இல்லை எண்டு தெரிஞ்சாத்தான் வருவான்."

நான் என்ன சொன்னேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. பார்த்துச் சொல்கிறேன் என்பதுபோல ஏதோ சொல்லியிருப்பேன். வீட்டுக்கு நடந்துபோகும்போது குழப்பமாக இருந்தது. சத்தம் இருந்தால் எனக்குக் கேட்டிருக்க வேண்டும். சத்தம் கேட்பதுதானே என் தொழில். இல்லை என்றால், அந்த மனிதர் கரண்ட் போனால் நிற்கிறது என்று ஏன் சொல்கிறார்? கரண்ட் போனால் எல்லாச் சத்தமும்தானே நிற்கும்?

மறுநாள் காலை ரூபன் கடைக்குப் போன் செய்தார். என்னோடுதான் கதைக்க வேண்டுமாம்.

"மிஸ், நீங்க நேற்று சத்தம் இல்லை எண்டு சொல்லேல்லை. கேக்கேல்லை எண்டுதான் சொன்னீங்க. வேணுமெண்டுதானே அப்பிடிச் சொன்னீங்க?"

நான் எதையும் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்ததுதான். ஆனால் அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு இரவைக் கடந்திருக்கிறார் என்று குரலில் தெரிந்தது. ஹில்மி நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அக்கா சொன்னதையும் சேர்த்து.

அவர் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரை மேசையில் வைத்தார். "சத்தம் ஈக்கா இல்லையா எண்டு உங்களுக்கும் தெரியா, எனக்கும் தெரியா. அப்ப அந்த மனுசன்ட்டயே கேக்கணும். ஆனா வாயால கேக்கப்படாது" என்றார்.

இருவருமாகப் பஸ்ஸில் போனோம். அந்த வீட்டில் அவர் செய்ததை அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்ததில்லை. முதலில் ரூபனின் கதிரையில் உட்கார்ந்து, காற்றாடியை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, தானும் கேட்டுப் பார்த்தார். தலையை ஆட்டினார், அவருக்கும் கேட்கவில்லை. பிறகு அக்காவையும் தம்பியையும் குசினிக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினார். இரண்டாவது டிஸ்க்குக்குப் பவர் கேபிளைக் கொடுத்தால் அது சுழலும். கழற்றிவிட்டால் சும்மா கிடக்கும். மெஷின் இரண்டு விதமாகவும் ஓடும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

"ரெஜினா, நீங்க ஜன்னல் பக்கம் திரும்பி நில்லுங்க."

"ஏன் நானா?"

"உங்கட முகத்துல எல்லாம் தெரியும். அந்தாள் அதப் பாத்து சொல்லிப்போடுவார். உங்களுக்கே தெரியாட்டி பிரச்சினை இல்லதானே."

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெஷின் நிற்கும், பின்னால் கேபிள் அசையும், மூடி மாட்டப்படும், மெஷின் மறுபடி ஓடும். நன்றாக ஓட விட்டு, கதவைத் திறந்து ரூபனைக் கூப்பிடுவார். அவர் வந்து நின்று கேட்டு ஒரு சொல் சொல்வார். "இருக்கு." அல்லது, "இல்லை." ஹில்மி நானா "சரி" என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புவார். சரி என்றால் அவர் சொன்னது சரியா, அல்லது போகலாம் என்று அர்த்தமா என்று அந்தக் குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு தடவை ரூபன் உள்ளே வந்து, "இல்லை... பொறுங்க..." என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "இல்லைதான்" என்றார். அவர் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா, எப்படியாவது இது முடிந்துபோக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனா தெரியாது. எனக்கு எல்லாத் தடவையும் ஒரே அமைதிதான் கேட்டது.

கடைசியில் ஹில்மி நானா இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"ஒரு தரமும் இவர் பிழை விடல்ல. நான் மாத்தாம வச்சு ஏமாத்தியும் பாத்தேன். அதுவும் பிடிபட்டுச்சு. பழைய டிஸ்க் கூவுது. இவருக்குக் கேக்குது, நமக்குக் கேக்க இல்ல. அவ்வளவுதான்."

ரூபன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிலோமினா அக்கா எழுந்துபோய் மெஷினுக்கு முன்னால் குந்தி, காதை வைத்துக் கேட்டார். மறுபக்கக் காதையும் வைத்தார். "அப்ப நான் செவிடியா?" என்று அழுதுகொண்டே கேட்டார்.

"வயசு போனா மெல்லிசுச் சத்தம் முதல்ல போகுமாம். நாம மூண்டு பேரும் இதுல ஒரே சாதிதான்," என்றார் ஹில்மி நானா.

இரண்டு டிஸ்க்கையும் எடுத்துவிட்டு சுழலாத எஸ்.எஸ்.டி. போட்டோம். உள்ளே அசைவதற்கே ஒன்றுமில்லாத டிஸ்க். கூவல் போய்விட்டது என்றார் ரூபன். அக்கா மனநல டொக்டரிடம் எடுத்து வைத்திருந்த நாளை ரத்துச் செய்தார். நான்தான் தெளியாமல் திரிந்தேன். கடையில் ஒவ்வொரு மெஷினுக்கும் முன்னால் நின்று, இது அமைதியா, எனக்கு மட்டும்தான் அமைதியா என்று யோசித்தேன். விரல் நுனியை டிஸ்க்கில் வைத்து அதிர்வைப் பார்க்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் இது நல்ல கதையாக இருந்திருக்கும்.

சில வாரம் கழித்து, ஹில்மி நானா ஹஜ்ஜுக்குப் போயிருந்த சமயத்தில், பிலோமினா அக்கா போன் செய்தார். "மிஸ், திரும்பக் கேக்குதாம்" என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும்தான்.

ரூபன் எனக்காகவே காத்திருந்தார். "அண்டைக்குச் செய்த மாதிரியே செய்யுங்க. நான் குசினிக்குப் போறன்."

எதைக் கழற்றுவது? உள்ளே சுழல்வது எதுவும் இல்லை, காற்றாடியைத் தவிர. அதை நிறுத்தினேன். வந்து நின்று, "இருக்கு" என்றார். மெஷினையே நிறுத்தினேன். "இருக்கு." நான் இப்போது ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, என் முகத்தில் அவர் எதையோ பார்த்திருக்க வேண்டும். அவரே போய் வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கினார். பட்டப்பகலில் அந்த வீடு முழுவதும் அடங்கிப்போனது. ஃபிரிட்ஜும் நின்றுவிட்டது.

அவர் முன்னறை ஹோல் நடுவில் நின்று கேட்டார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டு, வாயில் கைவைத்து நின்றார்.

"இப்பவும் இருக்கு," என்றார் ரூபன்.

அவர் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"மிஸ், அப்ப அண்டைக்குக் கேட்டது?"

"அண்டைக்கு இருந்தது உண்மை. ஒரு தரமும் நீங்க பிழை விடேல்லை."

"இண்டைக்குக் கேக்கிறது?"

"மெஷினில இல்லை. அதுக்குமேல எனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கத்துவார், என்னை வெளியே போகச் சொல்வார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். "அண்டைக்கு நீங்க ரெண்டு பேரும் வந்து பாக்காம இருந்திருந்தா, இண்டைக்கும் மெஷின்தான் எண்டு சண்டை பிடிச்சிருப்பன்" என்றார். பிறகு, "காதை மாத்திப் போட ஏலாதே மிஸ்?" என்றார். அது பகிடியா என்று தெரியாமல் நான் விழித்தேன்.

மனநல டொக்டரிடம் மறுபடி நாள் எடுக்கவா என்று அக்கா பயந்துகொண்டு கேட்டார். "எடுங்க. போவம். ஆனா முதல்ல காது டொக்டர்" என்றார் ரூபன். என் பக்கம் திரும்பினார். "நீங்களும் வரோணும். முதல்ல இருந்த சத்தம் உண்மை எண்டு நீங்க சொல்லோணும். நான் சொன்னா, தொடக்கத்திலயிருந்தே எனக்கு விசர், மூளை பிழை எண்டு நினைப்பார்."

காதுகளுக்குப் பார்க்கும் டொக்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். ஹில்மி நானாவின் சோதனையை நான் விவரித்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டு, "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார். ரூபனுக்குக் காதுக்குள்ளேயே எழும் இரைச்சலாம். நிறையப் பேருக்கு உண்டாம். பல வருட ஹெட்போனும் காரணமாக இருக்கலாமாம். மனநோய் இல்லை என்றபோது, பிலோமினா அக்கா கழுத்திலிருந்த சிலுவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"டொக்டர், அந்த டிஸ்க்கால வந்ததா?" என்று நான் கேட்டேன்.

"சொல்ல ஏலாது. இந்த இரைச்சல் முந்தியே மெல்லிசா இருந்திருக்கலாம். டிஸ்க் சத்தத்தில மறைஞ்சு கிடந்திருக்கலாம். அதை நிப்பாட்டிக் கொஞ்ச நாளைக்குப் பிறகு இது வெளியில தெரிஞ்சிருக்கலாம். அல்லது ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம்."

என் குழப்பம் அங்கே இரட்டிப்பானது. அப்படியென்றால் ஒரு சத்தத்தைக் குறைத்து இன்னொன்றை அவருக்குக் கொடுத்துவிட்டோமா? குறைக்காமல் விட்டிருந்தால் அவரை மனநல டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இரண்டில் எது நல்லது என்று ஓய்வு பெற்று உட்கார்ந்து இத்தனை நாளாக யோசிக்கிறேன். ரூபன் ஹெட்போன் நேரத்தைக் குறைத்துக்கொண்டார். அறையில் எந்நேரமும் காற்றாடி ஓடுகிறது. இரைச்சல் போகவில்லை, ஆனால் நித்திரை வருகிறதாம்.

அன்று வெளியே வரும்போது ரூபன், "வந்தது வந்தீங்க, நீங்களும் சோதிச்சுப் பாருங்களன்" என்றார். எனக்கு மறுக்கக் காரணம் தோன்றவில்லை. சிறிய அறை ஒன்றுக்குள் என்னை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமத்த வேண்டும்.

முதலில் லேசாக இருந்தது. பிறகு சத்தங்கள் மெலிந்துகொண்டே போயின. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஏதோ கேட்டது மாதிரி இருந்தது. அமத்தினேன். இல்லை, அது என் இரத்தம் ஓடும் சத்தமோ? மறுபடி ஒன்று, மிக உயரத்தில், ஊசி மாதிரி. உண்மையாகவே கேட்டதா, கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனா? அமத்தினேன். அடுத்ததுக்கு அமத்தவில்லை. அமத்தியிருக்க வேண்டுமோ என்று வியர்த்தது.

சோதித்த பெண் கதவைத் திறந்தாள். "உயரமான சத்தங்கள் நல்லாக் குறைஞ்சிருக்கு அன்ரி. அதோட, சத்தம் இல்லாத நேரத்திலயும் சில தரம் அமத்தியிருக்கிறீங்க."

"எனக்குக் கேட்டதே."

"பரவாயில்லை, எல்லாரும் அப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வெளியே ரூபனும் அக்காவும் வாங்குப் பலகையில் இருந்தார்கள். "என்னவாம்?" என்றார் ரூபன். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.

"கேட்டதெண்டு நினைச்சுத்தானே அமத்தினீங்க?"

"ஓம்."

"அப்ப உங்களுக்குக் கேட்டிருக்கு," என்றார்.